சனிக்கிழமைக்கு வைத்த குரல்

வாஞ்சிநாதனுக்கு வியாதி நாக்கில் தொடங்கியது. 1998 மார்ச்சில், மில்பிடாஸில் அவர் வேலை பார்த்த டிஸ்க் டிரைவ் கம்பெனியில் ஒரு மீட்டிங். ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்று சொல்லப் போனவருக்கு வார்த்தை வாயிலேயே வழுக்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஜூனில் டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். ஏ.எல்.எஸ். நரம்புகள் ஒவ்வொன்றாக அணையும், அவை ஆட்டிவைத்த தசைகள் ஓயும். சிலருக்குக் காலில் ஆரம்பித்து மேலே ஏறும். இவருக்கு மேலேயிருந்து கீழே இறங்கும். முதலில் பேச்சு, பிறகு விழுங்குவது, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. ஒரு மாத்திரை இருந்தது. இரண்டு மூன்று மாதம் கூட்டித் தரும் என்றார்கள்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. மனைவி அனந்தலக்ஷ்மி ஐந்து வயது இளையவள். ஒரே பெண் ஹம்சா ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அனந்தலக்ஷ்மி உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. தண்ணீர் புரையேறாமல் இருக்க அதில் எவ்வளவு பொடி கலந்து கெட்டியாக்க வேண்டும், விழுங்கும்போது முகவாயை எப்படி மார்போடு தாழ்த்த வேண்டும், ஆளைத் தூக்காமல் துணியோடு எப்படி நகர்த்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். குளியலறையில் கைப்பிடி அடித்தாள். படுக்கையைக் கீழ் அறைக்கு இறக்கினாள். அவள் செய்ததில் எந்த நர்ஸும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றில்தான் தப்புக் கணக்குப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பெண் இரண்டு விஷயம் சொன்னாள். முக்கியமான பேச்சுக்கு முன்னால் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்பது ஒன்று. குரல் இருக்கும்போதே டேப்பில் பதிந்து வையுங்கள் என்பது இன்னொன்று. அனந்தலக்ஷ்மி முதலாவதைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெரு. லாரி வந்தால் அண்டா, குடம், டிரம், கடைசியில் டம்ளர் வரை பிடித்து வைக்கிற வீடு. மில்பிடாஸில் குழாயைத் திறந்தால் நாள் பூராவும் கொட்டியது, ஆனாலும் பத்து வருஷமாக அவள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு வாளி எப்போதும் நிறைந்தே இருந்தன. எது குறைகிறதோ அதைச் சேர்த்து வைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி அது.

குரல் அப்படி இல்லை. செலவழித்தாலும் போகும், செலவழிக்காவிட்டாலும் அதே நாளில் போகும். இது அவளுக்கு அப்போது தெரியவில்லை. தெரபிஸ்ட் சொல்லியும் இருக்கலாம். காதில் ஏறவில்லை.

குரலைச் சேர்த்து வைக்க ஒரு காரணமும் இருந்தது. கும்பகோணத்தில் வாஞ்சிநாதனின் அம்மா அபயாம்பாள். எழுபத்தாறு வயது, ஒருமுறை மாரடைப்பு வந்தவள். மூத்த பெண் போனபோது சேதியை நேராகப் போட்டு உடைத்துவிட்டார்கள். அவள் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைத் தன்னோடு வைத்திருந்த இளைய மகன் பிச்சுமணி போனில் கெஞ்சினான்.

“மன்னி, அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கோ. அக்கா விஷயத்துல பட்டதே போறும். அண்ணா வாரா வாரம் எப்பவும்போல பேசினா சரி. அவன் குரல் கேட்டா அவளுக்கு மாத்திரையே வேண்டாம்.”

வெளிநாட்டில் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பமும் இதைத்தான் செய்திருக்கும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்குச் சொல்வார்கள். வேலை போனால் சொல்லவே மாட்டார்கள். ஆகவே முடிவாயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் ஆறரை மணி, அங்கே ஞாயிறு காலை ஏழு, வாஞ்சிநாதன் அம்மாவோடு பேச வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

வாஞ்சிநாதனும் சரியென்றார். ஆனால் அவருக்குக் குரல் வேறொன்றுக்கும் தேவைப்பட்டது.

கல்யாணமான மறுவருஷம், 1984 கடைசியில், அவர் ஜப்பானுக்கு வேலைக்குப் போனார். கவாசாகியில் நாலு வருஷம். பாய் விரித்த சின்ன அறை, ஆண்கள் மட்டும் தங்கும் கம்பெனி விடுதி. அனந்தலக்ஷ்மி மாம்பலத்திலேயே இருந்தாள். ஹம்சா பிறந்ததைத் தந்தியில் படித்தார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவை பாட்டுகள். சினிமாப் பாட்டுகள் இல்லை. ரேடியோவிலும் கடைகளிலும் ஓடுகிற சாதாரணப் பாப் பாட்டுகள்தான். ஆனால் அவற்றில் சில, புத்தகத்திலிருந்து முளைத்தவை. யாரோ எப்போதோ எழுதிய ஒரு சிறுகதை, ஒரு குறுநாவல், நாலு வரிக் கவிதை. அதைப் படித்து மனசு ஆறாத ஒரு பாட்டுக்காரி கிடாரை எடுத்துக்கொண்டு, கதையில் வாய் திறக்காத ஒருத்திக்கு வாய் கொடுத்திருப்பாள். கண் தெரியாத தையல்காரி பாடுவாள். மலையேறப் போய்த் திரும்பாத தம்பிக்கு அக்கா பாடுவாள். வாஞ்சிநாதன் பாட்டுத்தாளை வைத்து எழுத்துப் படித்தார். ‘அவர்களுடைய எழுத்து வரிசையும் நம்ம அ ஆ, க ச மாதிரிதான், ஒரு வாரத்தில் பழகிடும்’ என்று கடிதம் எழுதினார். பிறகு அந்தக் கதைகளைத் தேடி வாங்கி அகராதியோடு உட்கார்ந்தார்.

பிற்பாடு அமெரிக்கா வந்தபின், தினமும் ஃப்ரீவேயில் காரோட்டும்போது அந்தப் பாட்டுகளைத் தமிழில் பாடிப் பார்ப்பார். மெட்டு மாறக் கூடாது, கதையும் மாறக் கூடாது, தமிழும் தமிழாக இருக்க வேண்டும். ஒரு பாட்டு உட்கார ஒரு வருஷம் ஆகும். இப்படிப் பன்னிரண்டு பாட்டு. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் எழுத்து பாதிதான். எந்த அசையை இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தொண்டையில் இருந்தது. அவர் பாடிக் காட்டாவிட்டால் அந்த நோட்டு வெறும் நோட்டு.

“பன்னண்டையும் டேப்ல பாடிடணும், அனந்து. அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்றார், ஜூலையில். அப்போது பேச்சு கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவே. பாட முடியும்.

“பாடலாம். இப்ப என்ன அவசரம்? சனிக்கிழமை ஆகட்டும்.”

சனிக்கிழமை ஆனதும் அவர் களைத்திருந்தார். அடுத்த வாரம் ஹம்சாவுக்கு ஜலதோஷம், இவருக்கு ஒட்டிக்கொண்டால் ஆபத்து என்று மாடியிலும் கீழுமாகப் பிரித்து வைத்தாள். அதற்கடுத்த வாரம் ஃப்ரீமான்ட்டிலிருந்து நாலு குடும்பம் பார்க்க வந்தது. வந்தவர்களோடு அவர் இரண்டு வார்த்தை பேசியதற்கே அனந்தலக்ஷ்மி கடிகாரத்தைப் பார்த்தாள். இப்படியே ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அவள் சமையல் மேடையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“இந்த ஒண்ணு மட்டும் கேளு, அனந்து. ஒரு பொண்ணு. ஆத்துல படகு ஓட்டறா. புருஷன் எங்கயோ போய் ஒன்பது வருஷம். திரும்பி வரான். அவ படகுலயே ஏறறான். அவளுக்கு அடையாளம் தெரியலை. அவனும் சொல்லலை. அக்கரைல இறங்கிப் போயிடறான். கதை அவ்வளவுதான்.”

“பேசாதீங்கோன்னா. இன்னிக்கு வியாழக்கிழமை.”

“இரு. அந்தக் கதை வந்து ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தி பாட்டு எழுதறா. அவளுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு. ஏறினபோதே தெரிஞ்சிருந்ததுன்னு.”

“தெரிஞ்சா ஏன் கேக்கலையாம்?”

“அதான் பாட்டு.”

“அசடு. நானா இருந்தா படகையே கவுத்திருப்பேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முகம் சிவந்து, அவள் ஓடிவந்து முதுகைத் தட்டிக் குனிய வைத்தாள். “சிரிக்காதீங்கோ. அதுக்கும்னா தொண்டை செலவாறது.”

இருமல் நின்றதும் அவர் டேப்ரிக்கார்டரைக் காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த ஹம்சா அதை எடுத்து வந்து மேஜையில் வைத்து, புதுக் காஸெட் போட்டு, அவளே பட்டனை அழுத்தினாள். வாஞ்சிநாதன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*ஏறு என்றேன், ஏறினாய்;*
*எந்தக் கரை என்று கேட்கவில்லை.*
*தண்ணீர் மட்டும் பேசிற்று,*
*துடுப்பு மட்டும் கேட்டது.*

குரல் கரகரத்தது, ‘துடுப்பு’ குழைந்தது, ஆனால் மெட்டு நேராக நின்றது. நாலாவது வரியின் கடைசி எழுத்தை அவர் இழுத்துக்கொண்டிருந்தபோதே அனந்தலக்ஷ்மி கத்தியைக் கீழே வைத்தாள்.

“போறும்னா. மிச்சத்தை சனிக்கிழமைக்கு வெச்சுக்கோங்கோ.”

“அம்மா, ஜஸ்ட் லெட் ஹிம் சிங்” என்றாள் ஹம்சா.

“நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்? பாட்டி அங்க காத்துண்டிருப்பா.”

ஹம்சா பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு மாடிக்குப் போனாள். கதவு படார் என்று சாத்திக்கொண்டது. வாஞ்சிநாதன் எப்போதுமே இவளோடு சண்டை போட்டவர் இல்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு ஸ்பீக்கரைப் போட்டாள். அபயாம்பாளுக்கு அன்றைக்கு உற்சாகம். பக்கத்தாத்துக் கல்யாணத்தில் ஜாங்கிரி சரியாக வரவில்லை, பாகு பிடிக்கவில்லை, சம்பந்திகள் முகம் சுளித்தார்கள் என்று முழுசாகச் சொன்னாள். “அப்படியா” என்றார் வாஞ்சிநாதன். “என்னடா சாப்பிட்டே?” என்றாள். காலையிலிருந்து அவர் சாப்பிட்டது ஸ்பூனில் ஊட்டிய கஞ்சி. அனந்தலக்ஷ்மி உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்தாள். “வெண்டைக்காய் சாம்பார்ம்மா” என்றார். அந்த மூன்று சொல்லைக் குழறாமல் சொல்ல நெற்றி வியர்த்தது. இரண்டு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் போயிற்று.

கிறிஸ்துமஸுக்குள் பாட முடியாமல் போய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது, அதுவும் குழறலாக. அபயாம்பாள் கேட்டபோது பல் பிடுங்கியிருக்கிறார் என்றாள் அனந்தலக்ஷ்மி. அடுத்த மாதம் இன்னொரு பல். பிறகு பல் செட்.

“எத்தனை பல்லுடி அவனுக்கு? முப்பத்திரண்டுதானே?” என்று கேட்டாள் கிழவி. அனந்தலக்ஷ்மி சிரித்துச் சமாளித்தாள்.

1999 மேயில் ஒரு சனிக்கிழமை. வாஞ்சிநாதன் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தார். அவருக்கே புரிந்திருக்காது. கிழவி இவளைக் கூப்பிட்டாள்.

“அனந்து, இருக்கியா? ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அவன் குடிக்கறானா?”

ஸ்பீக்கர் போட்டிருந்தது. வாஞ்சிநாதன் தலை ஒரு பக்கம் சரிந்தபடி அதைக் கேட்டார்.

“ஐயோ, இல்லைம்மா. பல்லு...”

“பல்லு, பல்லு! எங்கப்பா குடிச்சுட்டு இப்படித்தான் குழறுவார். எனக்குத் தெரியாதா? காலங்கார்த்தால ஏழு மணிக்கு என் காதுல இதைக் கேக்கணுமா? இந்த மாதிரி இருந்துண்டு எனக்குப் போன் பண்ண வேண்டாம்னு சொல்லு அவன்கிட்ட.”

அனந்தலக்ஷ்மி ஒரு நிமிஷம் யோசித்தாள். உண்மையைச் சொல்லலாம், அது கிழவியைக் கொல்லலாம். மகன் குடிக்கிறான் என்பது எந்த அம்மாவையும் கொன்றதில்லை. வாஞ்சிநாதனைப் பார்த்தாள். அவர் விரல் அப்போது கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது. மடியில் ஆங்கில எழுத்துப் பலகை. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தமிழைக் கூட்டினார். இருக்கட்டும்.

“சொல்றேன்மா” என்று அனந்தலக்ஷ்மி போனை வைத்தாள். அந்த வாரத்துக்குப் பிறகு கிழவி போனுக்கு வரவில்லை. பிச்சுமணிதான் எடுப்பான். “பூஜைல இருக்கா, அண்ணா. குளிக்கறா, அண்ணா.” ஆகஸ்டில் வாஞ்சிநாதனுக்கு ஒரு எழுத்தும் வாயில் எழும்பவில்லை. மூச்சு மட்டும் வந்தது. அதன்பின் போன் செய்வதற்கும் காரணமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் அனந்தலக்ஷ்மி தெரபிஸ்ட்டிடம் மறுபடி கேட்டாள், இவ்வளவு சிக்கனமாக வைத்தும் ஏன் இப்படி என்று. அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், சேமிப்பது என்று இதில் ஒன்றுமில்லை, பாடியிருந்தாலும் இதே நாளில்தான் போயிருக்கும் என்று. அனந்தலக்ஷ்மி தலையாட்டிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு காருக்கு வந்தாள். வீடு வந்ததும் பின்கட்டு வாளி இரண்டையும் கவிழ்த்துவிட்டாள்.

செப்டம்பரில் வாஞ்சிநாதன் பலகையில் இன்னொன்று கூட்டினார். நீ பாடு.

அவளுக்குப் பாட்டு வராது. கொலுவில் கூடப் பாடாதவள். ஆனாலும் உட்கார்ந்தாள். ஹம்சா ஜப்பானிய சிடியைப் போட்டாள். படகுக்காரி பாட்டு. அனந்தலக்ஷ்மி நோட்டைப் பிடித்துக்கொண்டு மெட்டுக்குப் பின்னால் ஓடினாள். அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். சரியென்றால் ஒரு சிமிட்டல், தப்பென்றால் இரண்டு. முதல் நாலு வரியை ஒப்பேற்றினாள், அதை டேப்பில் கேட்டிருந்தாள். அடுத்த நாலு வரி யாரும் கேட்டிராதது.

*தோளை வைத்தே தெரிந்துகொண்டேன்,*
*திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.*
*ஒன்பது வருஷம் சேர்த்த பேச்சை*
*ஒரே கரைக்குள் யார் இறக்க?*

இரண்டு சிமிட்டல். ‘தோளை’ என்பதை இழுத்தாள். இரண்டு. சேர்த்தாள். இரண்டு. தாமதமாக எடுத்தாள். இரண்டு. ஹம்சா சிடியைத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். இருபது தடவை இருக்கும். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று போர்த்திவிட்டாள். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் மூச்சை எண்ணிப் பழகியவள். மறுபடி அவர் அவளைப் பாடச் சொல்லவேயில்லை.

அதற்குப் பிறகு இருந்தது பராமரிப்பு. வயிற்றில் குழாய், இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, சளியை இழுக்கிற மெஷின். அதையெல்லாம் அவள் குறையில்லாமல் செய்தாள். ஒரு படுக்கைப் புண் வரவில்லை. 2001 ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது வாஞ்சிநாதன் போய்விட்டார்.

வியாதியை மறைக்கலாம், சாவை மறைக்க முடியாது. தீட்டு இருக்கிறது, பத்துநாள் காரியம் இருக்கிறது. பிச்சுமணி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், முதல் நாளிலிருந்து. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாரடைப்பு வரவில்லை. எதற்குப் பயந்து இரண்டரை வருஷம் மறைத்தார்களோ, அது நடக்கவே இல்லை. பதினான்காம் நாள் அவளே பிச்சுமணியை நம்பர் போடச் சொல்லி அமெரிக்காவுக்குப் பேசினாள்.

“அனந்து. அன்னிக்கு நான் குடிக்கறானான்னு கேட்டேனே. அவன் காதுல விழுந்துதா?”

“இல்லைம்மா. நான்தான் போனை வெச்சிண்டிருந்தேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அவன் குரல் ஏதாவது இருக்கா உன்கிட்ட? எதாயிருந்தாலும் சரி, அனுப்பு.”

அனந்தலக்ஷ்மி வீடு முழுக்கத் தேடினாள். கேமரா வாங்கிய வருஷம் எடுத்த வீடியோவில் எல்லாம் அவர்தான் கேமராவைப் பிடித்திருந்தார். ஹம்சாவும் இவளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ஸரிங் மெஷினில் இருந்தது ஹம்சாவின் குரல். வாரா வாரம் அம்மாவோடு பேசிய பேச்செல்லாம் கம்பி வழியே போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரு காஸெட்.

இரட்டை டெக்கில் இன்னொரு காஸெட்டைப் போட்டுப் பிரதி எடுத்தாள். நாலு வரி. அதன் கடைசி இழுப்பில் அவளுடைய குரல் வந்து விழுகிறது, போறும்னா, மிச்சத்தை சனிக்கிழமைக்கு வெச்சுக்கோங்கோ. தன் குரலை வெட்டிவிடலாம் என்று நாலைந்து தடவை முயன்றாள். வெட்டினால் அவருடைய கடைசி எழுத்தும் போகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அப்படியே விட்டுவிட்டு, உறையில் போட்டு, தபாலாபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை சாயந்திரம் ஆறரைக்குப் போன் வந்தது.

“கேட்டேன்” என்றாள் அபயாம்பாள். “பிச்சு நாலு தடவை போட்டான். மிச்சத்தை வெச்சுக்கோன்னு நீ சொல்றியே. அந்த சனிக்கிழமை அவன் என்கிட்ட என்ன பேசினான்? எனக்கு ஞாபகமே வரலை. உனக்கு இருக்கா?”

அனந்தலக்ஷ்மிக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது.

“பக்கத்தாத்துக் கல்யாணத்துல ஜாங்கிரி சரியா வரலைன்னு சொன்னேள்.”

“நான் சொன்னது இருக்கட்டும். அவன்?”

“அப்படியான்னார்.”

“அப்புறம்?”

“வெண்டைக்காய் சாம்பார்னார்.”

“வேற?”

“அவ்வளவுதான்மா.”

கும்பகோணத்தில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் போனில் கேட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.